குதிரை வரும் ட்ரெயிலுக்குச் சத்தம் குறைந்த சைலன்சர்: ஆறு மாத அனுபவம்

டர்ட் பைக்குக்கு (கரடுமுரடான மண்பாதையில் ஓட்டும் பைக்) சத்தம் குறைந்த சைலன்சர் போடலாமா என்று யோசிக்கிறீர்களா, அதுவும் குதிரை சவாரிக்காரர்கள் வந்துபோகிற ட்ரெயிலில், அதாவது மண்பாதையில், ஓட்டுபவரா? கண்டிப்பாகப் போடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள்.

நான் வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய சைலன்சருக்குள் சத்தத்தை உறிஞ்சுவதற்காக அடைத்திருந்த கண்ணாடி இழை பேக்கிங் எரிந்துபோய், வண்டி கத்திக்கொண்டிருந்தது, நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு நாள் வளைவில் திரும்பியதும் எதிரே குதிரை. கழுத்தைத் தூக்கி, கண்ணின் வெள்ளை தெரிய, பக்கவாட்டில் ஒரே துள்ளல். மேலே இருந்த பெண் பிடரியைப் பிடித்துக்கொண்டதால்தான் விழவில்லை. அவர் திட்டக்கூட இல்லை, "இன்ஜினை ஆஃப் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சரி, சைலன்சருக்கு வருகிறேன். புகை வெளியேறும் வாயிலிருந்து 50 செ.மீ. தள்ளி 45 டிகிரி கோணத்தில் மீட்டரைப் பிடித்து அளந்தேன். பழையது 99 டெசிபல், இது 92. ட்ரெயில் விதிகளில் அடிக்கடி பார்க்கும் வரம்பு 96. பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும் என்பதால், இந்த 7 சின்ன விஷயமில்லை. கீழ் ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, இழுவை அப்படியே இருக்கிறது, உச்சத்தில் கொஞ்சம் மந்தம். ட்ரெயிலில் அந்த உச்சத்துக்கு யார் போகப் போகிறார்கள்? தீப்பொறி வெளியே பறக்காமல் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் கூடவே வருகிறது, அதில் படியும் கரியை அவ்வப்போது தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் உண்டு. சத்தம் குறைந்ததால், குதிரைக்குப் பின்னால் நான் மிகவும் நெருங்கிய பிறகுதான் சவாரிக்காரருக்கே தெரிகிறது. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும், ஆனால் வாலுக்கு நேர் பின்னால் எதுவும் தெரியாது. நாம் வருவது சரியாக அந்த இடத்தில்தான். அதனால் இப்போது தூரத்திலேயே நின்று, இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "பின்னாடி ஒரு பைக் இருக்குங்க, தாண்டிப் போகட்டுமா?" என்று கேட்கிறேன். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட உருவம் மனிதன்தான் என்று குதிரைக்குத் தெரிய வேண்டுமே, அதற்குப் பேச்சுக் குரல்தான் வழி. குதிரையின் காதைப் பாருங்கள்: முதலில் விறைத்து நம் பக்கம் திரும்பும், பேசப் பேச ஒரு காது மட்டும் சவாரிக்காரர் பக்கம் சாயும், அப்புறம் தலை மெல்ல இறங்கும். அதுவரை பொறுத்திருங்கள்.

குதிரை எதிரே வந்தால் சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். வேட்டைக்கு இரையாகும் விலங்கு அது, மேலிருந்து எது வந்தாலும் பயப்படும், மிரண்டாலும் பெரும்பாலும் மேட்டுப்பக்கம்தான் ஓடப் பார்க்கும். கூட்டமாகப் போனால் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று விரலைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். முதல் பைக்குக்கு அமைதியாக நின்ற குதிரை, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது வரும் நான்காவது பைக்குக்குத்தான் மிரளும். குதிரைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள், அகலமான இடம் வந்ததும் கையைக் காட்டிவிடுங்கள், முடிவு உங்களுடையது, நாங்கள் காத்திருப்போம்.

பொருளில் குறை என்றால் ஒன்றுதான். இயங்கும்போது எவ்வளவு அடங்கி இருந்தாலும், ஸ்டார்ட் செய்கிற அந்த முதல் வெடிப்பை இந்த சைலன்சராலும் மறைக்க முடியவில்லை. குதிரை அடுத்த வளைவைத் தாண்டும்வரை நான் சாவியைத் தொடுவதில்லை.