வீட்டு வெளிப்பூச்சை மாற்றப் போகிறீர்களா? சதுர அடிக் கணக்கில் நாங்கள் ஏமாந்த கதை

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் எங்கள் மாடி வீடு. கடலைப் பார்த்த கிழக்குச் சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பெயர்ந்து, செங்கல் தெரிய ஆரம்பித்திருந்தது. பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசி, பெயிண்ட் அடித்துத் தர, எல்லாம் அடக்கமாகச் சதுர அடிக்கு 110 ரூபாய் என்று ஓர் ஒப்பந்தக்காரர் பேசினார். மூன்று பக்கமும் சேர்த்து 1,800 சதுர அடி, ஆக 1,98,000 ரூபாய். புரட்டாசியில் வேலை தொடங்கியது. முடிவில் அவர் நீட்டிய பில் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அளவு 2,340 சதுர அடியாக வளர்ந்துவிட்டது. ஜன்னல், கதவு எதையும் கழிக்கவில்லை. கை வைக்காத காம்பவுண்டுச் சுவரையும் சேர்த்திருந்தார். சாரம் கட்ட 28,000, இடிபாடு அள்ள 15,000 தனி. சாரம் இல்லாமல் மாடிச் சுவரை எப்படிப் பூசுவதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். "அது எல்லோரும் தனியாகத் தருவதுதான் அம்மா" என்றார். பணம் வராமல் சாரத்தைப் பிரிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். தீபாவளி நெருங்கிய நேரம், கொடுத்துத் தொலைத்தோம்.

பணத்தைவிட வயிறு எரிந்தது வேலையைப் பார்த்துத்தான். ஐப்பசி மழை இரண்டு முறை சாய்ந்து அடித்ததும் கிழக்குச் சுவரின் பூச்சு தட்டுத் தட்டாக விழுந்தது. ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அதன் பின்பக்கத்தில் எங்கள் பழைய பச்சை பெயிண்ட் அப்படியே ஒட்டியிருந்தது! வாசல் பக்கம் மட்டும் செங்கல்வரை கொத்திவிட்டு, மற்ற பக்கங்களில் பெயிண்டின் மேலேயே கலவையை அப்பியிருக்கிறார்கள். வழவழப்பான பெயிண்டில் சிமென்ட் பிடிக்காது என்பது சித்தாளுக்குக்கூடத் தெரியும். நாங்கள் இருவரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள் என்பது அந்த ஆளுக்கும் தெரியும்.

புதுப்பூச்சுக்குக் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். பெயிண்டுக்கு முன் 28 நாள் விட வேண்டும். இங்கே ஒரு வாரத்துக்குள் பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்து முடித்துவிட்டார்கள். போனில் கேட்டால், "கடலோரத்தில் உப்புக்காற்று சும்மா விடுமா அம்மா?" என்கிறார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோதுகூட இந்தச் சுவரின் பழைய பூச்சு இப்படி உதிரவில்லை.

வேலை கொடுக்கும் முன், செங்கல்வரை கொத்துவது, கலவை விகிதம், பூச்சின் கனம், திறப்புகளைக் கழித்த அளவு, சாரமும் இடிபாடும் யார் செலவு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கொத்தி முடித்த சுவரைப் பார்க்காமல் கலவை போட விடாதீர்கள். கடைசித் தவணையை ஒரு மழை பார்த்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். விவரம் கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. அதே ஆள் இப்போது மஞ்சக்குப்பம் பக்கம் வேலை பிடிப்பதாகக் கேள்வி. 110 ரூபாய், எல்லாம் அடக்கம் என்று யாராவது உங்கள் வாசலில் வந்து நின்றால், அவர் முன்பு பூசிய வீட்டின் முகவரியைக் கேட்டு நேரில் போய்ச் சுவரைத் தட்டிப் பாருங்கள்.