டீப் பிளேன் ஃபேஸ்லிஃப்ட் என்று சொல்லி மேல்தோலை மட்டும் இழுத்துத் தைத்துவிட்டார்கள்: 2,35,000 ரூபாய் போச்சு

தொங்கும் முகத்தைத் தூக்கித் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் ஆபரேஷனை எனக்குச் செய்த கிளினிக்கிலிருந்து நேற்று சாயங்காலம் கடைசி மெசேஜ் வந்தது. "மேடம், பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது. ஃப்ரீ ஃபேஷியல் ஒண்ணு அரேஞ்ச் பண்ணித் தரலாம்." இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு ஃபேஷியல். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடிந்ததும் கடையைக்கூடத் திறக்காமல் இதை எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. போட்டால் நோட்டீஸ் வரும் என்று மகள் பயப்படுகிறாள். கீழே சமவெளியில், பெரிய ஊரில் இருக்கும் ஒரு அழகு சிகிச்சை கிளினிக். மாதத்தில் ஒரு ஞாயிறு ஊட்டிக்கு வந்து ஹோட்டல் ஹாலில் கேம்ப் போடுவார்கள். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். ஃபேஸ்லிஃப்டில் என்னென்ன முறை இருக்கிறது, யாருக்கு எது பொருந்தும், எதைக் கேட்டு முடிவு பண்ண வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 56 வயது. கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன், 28 வருஷமாக. சர்க்கரை வந்த பிறகு டாக்டர் சொன்னாரே என்று நடந்து, சோற்றைக் குறைத்து, 16 கிலோ இறக்கினேன். உடம்பு தேவலாம் ஆயிற்று, முகம்தான் கெட்டது. கன்னம் தொங்கி, தாடைக்கு இரண்டு பக்கமும் பை மாதிரி வந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாளைக்கு நாலு பேர். இரண்டு வருஷம் இதைக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும். இந்த வயதில் எதற்கு இந்த ஆசை என்று கேட்பவர்கள் இப்போதே அடுத்த பதிவுக்குப் போகலாம்.

கேம்பில் முதலில் உட்கார வைத்தது கவுன்சிலர் பெண். அக்கா, அக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிட்டாள். மூன்று விலை சொன்னாள். நூல் போட்டு இழுப்பது 60,000. மினி லிஃப்ட் 1,30,000. டீப் பிளேன் 2,35,000. எனக்குப் பாதி புரியவில்லை. அப்புறம்தான் டாக்டர் வந்தார்.

நான் ஏமாந்தது அந்தப் பத்து நிமிஷத்தில்தான். படுக்கச் சொல்லவில்லை, உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால்தான் தொங்குவது சரியாகத் தெரியும் என்றார். கையில் கண்ணாடி கொடுத்தார். காதுக்கு முன்னால் இரண்டு விரல் வைத்து லேசாக மேலே தூக்கினார். கண்ணாடியில் பத்து வருஷத்துக்கு முந்தைய நான். என்ன வேலை செய்றீங்கம்மா என்றார், சொன்னேன். சிரித்தார். "அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். மேல் துணியை மட்டும் இழுத்துத் தைச்சா தையல் நிக்குமா? நிக்காது, பிச்சுக்கும். உள்ளே லைனிங்கைப் பிடிச்சுத் தூக்கித் தைச்சு, மேல் துணியை இழுக்காம அது மேல சும்மா படிய விடணும். டீப் பிளேன்னா அதுதாம்மா."

28 வருஷத்தில் என் வேலையை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. இந்த மனுஷனுக்குத் தையல் தெரிந்திருக்கிறது, கை சுத்தமாக இருக்கும் என்று முடிவே பண்ணிவிட்டேன். அங்கேயே 50,000 ரூபாய் போனில் அனுப்பினேன். யாரோ ஒரு தனி ஆள் பெயரில் இருந்த நம்பர். அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மீதி 1,85,000 ரூபாய் ரொக்கம். சீட்டு எடுத்தது கொஞ்சம், வளையல் அடகு வைத்தது கொஞ்சம். ரசீதில் "ஃபேஷியல் ரிஜுவனேஷன் பேக்கேஜ்" என்று மட்டும் போட்டிருந்தது. டீப் பிளேன் என்ற வார்த்தையே அதில் இல்லை. நான் தொகை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று காலையில் அங்கி மாட்டி, கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்ட பிறகு ஒரு ஃபாரம் நீட்டினார்கள். பொடி எழுத்து, இங்கிலீஷ், ஆறு பக்கம். "இங்க, இங்க, இங்க" என்று நர்ஸ் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். மகள் அதைப் பிறகு படித்துக் காட்டினாள். சர்ஜனுக்குச் சரி என்று தோன்றும் எந்த முறையிலும் செய்யலாம் என்று நாலாவது பக்கத்தில் ஒரு வரி. சர்க்கரைக்காரி என்று சொல்லியும் மூன்று மாத சராசரி பார்க்கவில்லை. விரலில் ஒரு குத்து குத்திப் பார்த்ததோடு சரி.

உள்ளே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. மரத்துப் போக ஊசி, மயக்கத்துக்கு ஏதோ கொஞ்சம். வீட்டுக்காரர்தான் சொன்னார், "ரெண்டாவது டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள முடிஞ்சு போச்சு." ஒன்றேகால் மணி நேரம். நான் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே டிஸ்சார்ஜ். வீடு கோத்தகிரி, மலை ஏறிப் போக வேண்டும் என்று சொன்னோம். "தாராளமா போகலாம்" என்றார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் குமட்டல். குஞ்சப்பனை வருவதற்குள் மூன்று தடவை வாந்தி. ஒவ்வொரு தடவையும் தலை முழுக்க விண் விண் என்று தெறித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், நீலமாக. போன் பண்ணினால், "ஐஸ் வைங்க மேடம்." மறுநாள் இங்கே ஒரு டாக்டர் ஊசி போட்டு ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார். உங்களை யார் இந்த நிலையில் மலை ஏற விட்டது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஃபேஸ்லிஃப்டில் அதிகம் வரும் சிக்கலே இந்த ரத்தக்கட்டுதான். அதுவும் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வருமாம். முக்கக் கூடாது, வாந்தி எடுக்கக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறக் கூடாது. அந்த 24 மணி நேரத்தில் என்னை மலைப்பாதையில் அனுப்பி வைத்தார்கள்.

பக்கத்து வீட்டில் தேனீ கொட்டிவிட்டது என்று சொல்லி வைத்தோம். ஐந்தாறு வாரம் வரைக்கும் முகம் நன்றாகத்தான் இருந்தது. வீக்கத்தில் கன்னம் உப்பி இருந்ததை லிஃப்ட் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வீக்கம் வடிய வடிய தாடைப் பை திரும்பி வந்தது. எட்டாவது வாரம் ஒரு கல்யாணத்துக்காக ஜிமிக்கி போட்டேன். நேராகத் தொங்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. கண்ணாடியில் கிட்டப் போய்ப் பார்த்தேன். காது மடலின் அடிப்பக்கம் உருண்டையாக, தனியாக இருக்குமே, அதைக் காணோம். மடல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டி நிற்கிறது. காதுக்கு முன்னால் தழும்பு, விரிந்து பளபள என்று. அதைப் பார்த்ததும் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்தாத துணியை இழுத்துத் தைத்தால் தையல் ஓரம் இப்படித்தான் விரியும், எது இளக்கமோ அது அந்தப் பக்கம் இழுபடும். கை வெட்டு இறுக்கமாகப் போன பிளவுஸ் எத்தனை பிரித்திருக்கிறேன்!

எது நிற்காது என்று எனக்கே பாடம் எடுத்தாரோ, அதையே என் முகத்தில் செய்திருக்கிறார்.

சந்தேகம் தீரட்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனேன். பெரியவர், நிதானமாகப் படித்தார். தோலைக் கொஞ்சம் வெட்டி எடுத்து, உள்ளே இரண்டு பக்கமும் நூல் போட்டு இழுத்துக் கட்டியதாகத்தான் அதில் எழுதியிருக்கிறது என்றார். டீப் பிளேன் என்றால் இரண்டு பக்கமும் கழுத்தும் சேர்த்து மூன்று நான்கு மணி நேரமாவது ஆகும், ஒன்றேகால் மணியில் யாராலும் முடியாது என்றார். அந்த நூலும் கரைகிற நூல்தான், சில மாதத்தில் போய்விடும். இடது மடல் இன்னும் மரத்துக் கிடப்பதைக் கேட்டேன். அது நன்றாகச் செய்த ஆபரேஷனிலும் வரக்கூடியதுதான், காதுக்குப் போகும் உணர்ச்சி நரம்பு அந்த வழியில்தான் இருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் சொல்வேன். மடலைச் சரி பண்ணலாமா என்றதற்கு, தழும்பு முதிர ஒரு வருஷமாவது போகட்டும் என்றார். அதற்குச் செலவு தனி.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. ரிசப்ஷன்: "வீக்கம்தான் மேடம், மூணு மாசம் பொறுங்க." கவுன்சிலர் பெண் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள். வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டேன். "அக்கா, நான் அங்க வேலையை விட்டுட்டேன்." அடுத்த கேம்பில் அவளே உட்கார்ந்திருந்தாள்! அங்கே காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நாற்காலியில் காத்திருந்தேன். என் எதிரிலேயே நாலு பேரிடம் பணம் வாங்கினார்கள். மூன்று மணிக்கு, டாக்டர் கிளம்பிவிட்டார் என்றார்கள். மேனேஜர் என்று ஒரு தம்பி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான், "மலைக் குளிருக்கும் வெயிலுக்கும் ஸ்கின் சீக்கிரம் தளர்ந்துரும் மேடம். நீங்க வேற குனிஞ்சே தைக்கிறீங்க." அதாவது தப்பு நீலகிரி மேலே, இல்லையென்றால் என் தையல் மெஷின் மேலே. டீப் பிளேன் என்று சொன்னீர்களே என்றேன். "ரசீதுல எங்க மேடம் இருக்கு?" என்றான். எனக்கு வாய் அடைத்துப் போனது. நூல் இன்னொரு தடவை போட்டால் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்றும் சொன்னான்.

2,35,000 ரூபாய். லைனிங் பிளவுஸுக்கு 350 வாங்குகிறேன். 671 பிளவுஸ் ஆகிறது. கணக்குப் போடக் கூடாது என்றுதான் இருந்தேன், ராத்திரி போட்டுவிட்டேன்.

சரி, முறைகளைப் பற்றி எழுதுகிறேன் என்றேனே. இதெல்லாம் பணம் போன பிறகு மகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டது. தோலுக்கும் முகத் தசைக்கும் நடுவில் ஸ்மாஸ் என்று ஒரு படலம் இருக்கிறது. மிட்ஸ், பெய்ரோனி என்று இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் 1976-ல் அதை விவரித்து எழுதினார்கள். அதற்கு முன்னால் பெரும்பாலும் தோலை இழுத்துத் தைப்பதுதான் ஃபேஸ்லிஃப்ட். எனக்கு நடந்தது அந்தக் காலத்து வேலை. அந்தப் படலத்தை மடித்துத் தைப்பது ஒரு முறை, பிளவுஸில் டக் பிடிக்கிற மாதிரி. கொஞ்சம் வெட்டி எடுத்து ஒட்டித் தைப்பது இன்னொன்று. படலத்துக்கு அடியிலேயே போய், எலும்போடு பிடித்திருக்கும் நார்களை விடுவித்து, தோலும் படலமும் சேர்ந்தே மேலே வருகிற மாதிரி தூக்குவது டீப் பிளேன். 1990-ல் சாம் ஹம்ரா என்ற அமெரிக்க டாக்டர் எழுதியது. முகத்தை அசைக்கும் நரம்புக்குப் பக்கத்தில் வேலை, அதனால் பழகிய கை வேண்டும். மினி லிஃப்ட் என்பது சின்ன வெட்டு, தாடை லேசாகத் தொங்குகிறவர்களுக்கு. கழுத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நூல், ஆரம்பத் தளர்ச்சிக்கு மட்டும். இதில் எது உசத்தி என்று சர்ஜன்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. கோயம்புத்தூர் பெரியவர் சொன்னது, "முறையைத் தேடாதீங்கம்மா, அதைத் தினமும் செய்யற ஆளைத் தேடுங்க." என்னை மாதிரி எடை இறங்கித் தொங்கிய முகத்துக்கு நூல் எந்த மூலைக்கும் போதாது என்றும் சொன்னார்.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், வாசலில் ஆள் வந்துவிட்டார்கள், ஸ்கூல் யூனிஃபார்ம் வேறு பாக்கி. அவசரமாக: என்ன முறை என்ற பெயர் ரசீதிலும் ஃபாரத்திலும் எழுத்தில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஃபாரத்தை முந்தின நாளே வீட்டுக்கு வாங்கி வந்து, தெரிந்தவர்களை விட்டுப் படித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற மேற்படிப்பு படித்தவரா என்று மெடிக்கல் கவுன்சில் பதிவில் பாருங்கள், சுவரில் மாட்டிய சர்டிஃபிகேட்டை நம்பாதீர்கள். ஹோட்டல் கேம்பில் பணம் கட்டவே கட்டாதீர்கள். மலையில் இருப்பவர்கள் ஆபரேஷன் முடிந்து சில நாளாவது கீழேயே தங்குங்கள், சொந்தக்காரர் வீடாவது பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் நேற்றே பேசிவிட்டேன். நுகர்வோர் கோர்ட்டில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் டைம் இருக்கிறது, நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போகிறேன், ஃபைலில் எல்லாம் வைத்துவிட்டேன். வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள், ராத்திரி பார்த்துப் பதில் போடுகிறேன். எவ்வளவு போச்சு என்று மட்டும் யாரும் திரும்பக் கேட்காதீர்கள். 2,35,000.