கிளினிக்கில் பழக்குவதா, வாட்டில் பழக்குவதா?

சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியை எப்படிப் பார்ப்பது என்று மயக்க மருந்துப் பயிற்சி வைத்தியருக்குப் பழக்க மூன்று இடங்கள் உண்டு: முதல்நாள் பின்னேரத்து வாட்டு, சில கிழமைக்கு முந்திய கிளினிக், நோயாளியாக ஒருவரை நடிக்க வைக்கும் வகுப்பு. திருகோணமலையில் பழகுகிறவருக்கு முதலில் கிளினிக் என்பேன்.

காரணம் குளிசைப் பை. மூதூரிலிருந்து வரும் ஐயா பொலித்தீன் பையை மேசையில் கொட்டுவார். அதற்குள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் கிடக்கும். முதுகில் ஊசி போட்டு விறைக்க வைப்பதானால் அதை 5 முதல் 7 நாள் முந்தி நிறுத்த வேண்டும். இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் இதய வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவும் முடியாது. கிளினிக்கில் கண்டால் அவகாசம் இருக்கிறது. முதல்நாள் பின்னேரம் கண்டால் பெரும்பாலும் ஒத்திப்போடுவதா, முழு மயக்கமா என்பதுதான் பேச்சு.

நடிப்பு வகுப்பில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கேள்விகளை ஒழுங்காகக் கேட்கப் பழகலாம், அவ்வளவுதான். நடிப்பவர் வாயை அழகாகத் திறப்பார். வருடக்கணக்காக வெற்றிலை பாக்குப் போட்டவரின் கன்னம் இறுகி, மூன்று விரல் போக வேண்டிய வாயில் இரண்டுகூட நுழையாது. சுவாசக் குழாய் போடுவது கஷ்டமாகுமா என்று அறிய, வாயைத் திறந்தால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துத் தரம் போடுவோம்; மயக்க மருந்து வைத்தியர் மல்லம்பட்டி 1985இல் சொன்ன அந்தச் சோதனையில் "ஆ" சொல்ல வைத்தால் தரம் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். அதைப் பக்கத்தில் நின்று திருத்த மூத்தவர் வேண்டும்.

இதயமும் நுரையீரலும் சத்திரசிகிச்சையைத் தாங்குமா என்று அறிய, புத்தகம் இரண்டு மாடி ஏற முடியுமா என்று கேட்கச் சொல்கிறது. மாடியே இல்லாத வீட்டு அம்மாவிடம் அதைக் கேட்டு என்ன? "கோட்டை வாசலில இருந்து கோணேசர் கோயிலுக்கு நிக்காமல் ஏறுவீங்களோ அம்மா?" என்றால் உடனே பதில் வரும். கரைவலை இழுக்கிறவரிடம் அதுவும் தேவையில்லை.

ஆனால் கிளினிக்கில் பார்ப்பவர் ஒருவர், தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பவர் வேறொருவர். நோயாளியின் உடல்நிலை எவ்வளவு மோசம் என்று தான் போட்ட ஏ.எஸ்.ஏ. தரம் சரியா என்பது பார்த்தவருக்குத் தெரியாமலே போகும். வாட்டில் அப்படித் தப்ப முடியாது; பின்னேரம் பார்த்தவரே விடிய மருந்தும் கொடுக்கிறார். "ஒண்டும் சாப்பிடேல்ல டொக்டர், தேத்தண்ணி மட்டுந்தான்" என்றால் பால் விட்டதா என்று கேட்கவும் அங்கேதான் பழகுவார்: வெறும் தேத்தண்ணிக்கு 2 மணித்தியாலம், பால் விட்டதற்கு 6.

ஆகவே கிளினிக்கில் பார்த்த நோயாளியின் பெயர் தியேட்டர் பட்டியலில் வரும் நாளில் அதே பயிற்சி வைத்தியரையும் அங்கே போட வேண்டும். ரோஸ்டர் எழுதுகிறவருக்கு அது தலையிடிதான்.