கோடையில் குளிர்விப்பதா, சூடேற்றுவதா? சீன மருத்துவத்தின் நான்கு வழிகள்

ஜூலை மாதத்தில் தென்சீனத்தின் குவாங்சோ நகரில், கடைவாசலில் நின்றபடியே கறுத்த கசப்புக் கஷாயத்தை மடக் மடக்கென்று குடித்து உடம்புச் சூட்டை இறக்கிக்கொள்பவர்களைப் பார்க்கலாம். அதே நாட்களில் சீன மருத்துவமனைகளில், முதுகில் கடுகும் இஞ்சிச்சாறும் குழைத்த பற்றுப் போட்டுக்கொள்ள வரிசை நிற்கும். ஒரே வெயில், ஒரே மருத்துவ மரபு. ஒரு கூட்டம் குளிர்வித்துக்கொள்கிறது, இன்னொன்று சூடேற்றிக்கொள்கிறது.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானதுதான். டுரியான் தின்று தொண்டை கரகரத்தால் பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி சாமந்திப்பூத் தேநீர் குடிக்கச் சொல்வார். அதே ஆண்டி, வெயிலில் வந்து ஐஸ் தண்ணீர் குடித்தால் கண்டிப்பார். சூட்டு உடம்பு, குளிர்ச்சி உடம்பு என்று நம் வீடுகளிலும் பேசுவதால் அவர் சொல்வது சட்டென்று மனதில் ஏறிவிடுகிறது. எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் தெரிவதில்லை.

பருவத்துக்கேற்ப உடம்பைப் பேண அந்த மரபு சொல்லும் நான்கு வழிகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்: கசப்புத் தேநீர், கோடைப் பற்று, நெடுநேரம் கொதித்த சூப், பாதுவான்ஜின் என்ற உடற்பயிற்சி. என் அளவுகோல் ஒரே கேள்வி. என் உடம்பைப் பற்றி நான் போட்ட கணக்கு தப்பாக இருந்தால், இது எனக்கு என்ன தீங்கு செய்யும்? வீட்டில் நாமே செய்துகொள்ளும்போது நாடி பார்க்கவோ நாக்கைப் பார்க்கவோ ஆள் கிடையாது. ஆகவே தப்புக் கணக்கைத் தாங்கக்கூடிய வழிக்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

கசப்புத் தேநீர்

மாண்டரின் மொழியில் ‘லியாங் சா’. தேநீர் என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் தேயிலை இருக்காது; மூலிகைகளைக் கொதிக்கவைத்த கஷாயம் இது. வெக்கையும் ஈரமும் சேர்ந்து வாட்டும் குவாங்டோங் பகுதியில் வளர்ந்தது. வோங் லோ காட் என்ற பெயர்பெற்ற கஷாயத்தின் தொடக்கத்தை 1828 என்று சொல்கிறார்கள். 2006இல் சீன அரசு குவாங்டோங், ஹாங்காங், மக்காவ் பகுதிகளின் லியாங் சாவைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது. ஹாங்காங்கில் 1950களிலும் 60களிலும் இந்தக் கடைகளில் வானொலியும் தொலைக்காட்சியும் இருந்தன. இளைஞர்கள் மாலைப் பொழுதைக் கழிக்கும் இடமாகவும் அவை விளங்கின.

இதில் இரண்டு முகங்கள் உண்டு. ஐந்து பூத் தேநீர் மென்மையானது. சாமந்தி, ஹனிசக்கிள், இலவம் பூ போன்ற பூக்கள் கடைக்குக் கடை மாறி வரும். இருபத்து நான்கு சுவைத் தேநீர் கடுங்கசப்பு. அதன் பட்டியலும் கடைக்குக் கடை மாறும். பொரித்ததையும் காரத்தையும் தின்று வாயில் புண், முகத்தில் பரு, தொண்டையில் எரிச்சல் என்று வந்தால் இதைக் குடிப்பார்கள். ஓரிரு கிண்ணத்தில் பலருக்கு இதமாக இருக்கிறது. அந்த இதத்தில் மூலிகைக்கு எவ்வளவு பங்கு, கூடுதலாகக் குடித்த நீருக்கும் பொரித்ததை நிறுத்தியதற்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் உறுதியான ஆய்வுச் சான்று குறைவு.

தப்பாகப் போனால்? குளிர்ச்சி உடம்பு என்று அந்த மரபு அழைக்கும் ஆட்கள், அதாவது கைகால் சில்லிட்டு, எளிதில் வயிறு இளகிவிடுபவர்கள், இதைத் தொடர்ந்து குடித்தால் வயிற்றுப்போக்கும் களைப்பும் வரும் என்று சீன மருத்துவர்களே எச்சரிக்கிறார்கள். தினமும் குடிக்க வேண்டியதல்ல என்பதில் அவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பல கலவைகளில் அதிமதுரம் சேரும். அதை நாள்தோறும் நிறையக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரை போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், சில பொருள்கள் உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் ‘ஜி6பிடி’ நொதிக் குறைபாடு. மலேரியா பரவியிருந்த நாடுகளின் மக்களிடம் இது பரவலாக உண்டு. நம்மவர்களிலும் சிலருக்கு இருக்கிறது. பச்சிளம் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வருவதற்குக் காரணமென்று கருதி, ஹுவாங் லியான் என்ற கசப்பு வேரையும் அதன் உட்பொருளான பெர்பரினையும் சிங்கப்பூர் 1978இல் தடைசெய்தது. தடை 2010களில்தான் விலகியது. குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஹுவாங் லியானோடு ஹனிசக்கிள் பூவையும் ஹாங்காங் தாய்மார் விலக்கி வைக்கிறார்கள். பூவைப் பற்றிய சான்று அவ்வளவு வலுவானதல்ல. ஆனாலும் கைக்குழந்தைக்குச் சங்கில் மூலிகை புகட்ட வேண்டிய தேவை என்ன இருக்கிறது? அந்த ஆசையையே விட்டுவிடலாம்.

டப்பாவில் வருவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 100 மில்லிலிட்டருக்கு 9 கிராமை ஒட்டிச் சர்க்கரை இருந்தால், 310 மில்லிலிட்டர் டப்பா ஒன்றில் ஏறத்தாழ 28 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவதே நல்லது என்கிறது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் சர்க்கரை கூடிய பானங்களில் சி, டி தரக் குறியீடு போட வேண்டும் என்பது விதி. ‘குளிர்ச்சி’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கும் கண் அந்தக் குறியீட்டையும் பார்க்கட்டும்.

கோடைப் பற்று

இது எதிர்த்திசை. ‘குளிர்கால நோயைக் கோடையில் தீர்’ என்பது இதன் கொள்கை. வசந்தத்திலும் கோடையிலும் உடலின் யாங்கை, அதாவது சூட்டுத் தன்மையை, வளர்க்க வேண்டும், இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் யின்னை, அதாவது குளிர்ச்சித் தன்மையை, வளர்க்க வேண்டும் என்று மஞ்சள் பேரரசர் பெயரால் வழங்கும் பழம் மருத்துவ நூல் சொல்கிறது. சீனப் பழமொழி ஒன்றும் இதற்குத் துணை நிற்கிறது: குளிர்காலத்தில் முள்ளங்கியும் கோடையில் இஞ்சியும் தின்றால் வைத்தியரிடம் போக வேண்டாம்.

நாள் குறிப்பதில் நுணுக்கம் உண்டு. சீன நாட்காட்டியில் பத்து நாளுக்கு ஒருமுறை ‘கெங்’ நாள் வரும். கோடை உச்சநாளுக்குப் பின் வரும் மூன்றாவது கெங் நாளில் ‘சான்ஃபூ’ எனப்படும் கடும்வெயில் காலம் தொடங்கும். ஜூலை நடுவில் தொடங்கி 30 அல்லது 40 நாள் நீளும். அதன் மூன்று கட்டங்களிலும் பற்றுப் போடுவார்கள். இதற்கான செய்முறையை 1695இல் சாங் லூ என்ற மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார்: வெள்ளைக் கடுகுடன் வேறு மூன்று மூலிகைகளின் பொடி, இஞ்சிச்சாறு. முதுகெலும்பின் இருபுறமும் நுரையீரலுக்குரியவை என்று கருதப்படும் புள்ளிகளில் ஒட்டிச் சில மணி நேரம் வைப்பார்கள். ஆஸ்துமா, மூக்கொழுகல், நாள்பட்ட இருமல் உள்ளவர்கள் தேடி வருகிறார்கள்.

பற்று எரியும், தோல் சிவக்கும், சிலருக்குக் கொப்புளம் எழும். இந்த எரிச்சலே ஆய்வையும் கடினமாக்கிவிடுகிறது. உண்மைப் பற்று போட்டவருக்கும் போலிப் பற்று போட்டவருக்கும் வித்தியாசம் தானே தெரிந்துவிடும் அல்லவா. ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன. பலவும் சிறியவை, தரம் குறைந்தவை. சிலருக்குப் பலன் இருக்கலாம் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன்.

வீட்டில் பற்று தயாரிப்பதை உறுதியாகத் தடுப்பேன். செய்முறையில் உள்ள கான்சுய் நச்சுத்தன்மை கொண்ட வேர். மற்றொன்றான சீசின், அரிஸ்டோலோகிக் அமிலம் காணப்படும் குடும்பத்துச் செடி. அந்த அமிலம் தண்டிலும் இலையிலும் கூடுதல் என்பதால் வேரை மட்டுமே பயன்படுத்த வேண்டுமென்று சீன மருந்தியல் நூலின் 2005 பதிப்பு மாற்றியது. அதே அமிலம் 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் என்ன செய்தது என்பதை மறக்கக் கூடாது. உடல் இளைக்கவைக்கும் மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயரொத்த வேறொன்று கலந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. மருந்துக்கடையில் பெயரைச் சொல்லி வாங்குபவருக்குச் செடியை அடையாளம் காணத் தெரியாது. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும். பற்று வேண்டுமென்றால் அப்படிப் பதிவுபெற்றவரிடம் போவதே வழி. 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் போல இனம், மதம் பாராமல் இலவசமாக வைத்தியம் பார்க்கும் இடங்களும் அங்கே உண்டு.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், காய்ச்சல் உள்ளவர்கள், தோல் புண்ணாகியிருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். பற்று போட்டுக்கொண்டதால் இன்ஹேலரை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

சரி, தேநீரும் பற்றும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? உற்றுப் பார்த்தால் இரண்டும் இரண்டு ஆட்களுக்கு. தேநீர் இன்றைக்குத் தொண்டை எரிபவருக்கு. பற்று ஆண்டுதோறும் டிசம்பரில் இழுப்பு வந்து அவதிப்படுபவருக்கு. விளம்பரத்தில்தான் இரண்டையும் எல்லோரிடமும் நீட்டுகிறார்கள். என் அளவுகோலில் தேநீரே மேல். தப்பாகிப்போனால் நாளையே நிறுத்திவிடலாம். முதுகில் எழும்பிய கொப்புளத் தழும்பை அப்படி நிறுத்த முடியாது.

சூப்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காண்டனீஸ் வீடுகளில் மண்சட்டியில் சிறுதீயில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கும் சூப் பருவத்தோடு மாறும். கோடையில் வெண்பூசணியைத் தோலோடு வெட்டிப்போட்டுச் சீன பார்லி சேர்ப்பார்கள், அல்லது பச்சைப்பயறு வேகவைப்பார்கள். காற்று வறண்டு உதடு வெடிக்கும் இலையுதிர்காலத்தில் பேரிக்காய், வெள்ளைக் காளான், லில்லிக் கிழங்கு, கற்கண்டு. குளிர்காலத்தில் ஆட்டுக்கறி, இஞ்சி, டாங்குய் வேர். இந்த ஆட்டுக்கறிச் சூப்பை ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே சாங் சோங்ஜிங் என்ற மருத்துவர் குறித்துவைத்திருக்கிறார். நல்ல ருசியுள்ள மருந்து அது.

சூப்பில் மூலிகையின் அளவு மிதம். காய், பயறு, கறி நிறைய. கணக்குத் தப்பினாலும் ஒருவேளை சாப்பாடு சாப்பிட்டதாகத்தான் முடியும். வெண்பூசணியும் பச்சைப்பயறும் நம் சமையலறையிலேயே இருப்பவை, புதிதாக எதையும் தேட வேண்டாம். குறைகளும் உண்டு. நெடுநேரம் கொதித்த கறிச் சாற்றில் பியூரின் கூடும். யூரிக் அமிலம் ஏறி மூட்டுவீக்கம் வருபவர்கள் காய், பயறு சூப்போடு நிறுத்திக்கொள்ளட்டும். உப்பைக் கடைசியில், கொஞ்சமாகப் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாங்குய், டான்ஷென் என்ற சீன மூலிகை வேர்கள் இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் சீன பார்லியைத் தவிர்ப்பது அந்த மரபின் வழக்கம்.

பாதுவான்ஜின்

எட்டு அசைவுகள், பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். இரு கைகளால் வானத்தைத் தாங்குவது, வில்லை இழுத்துக் குறிபார்ப்பது என்று தொடங்கி, குதிகாலை ஏழு முறை உயர்த்தி இறக்குவதோடு முடியும். சோங் வம்சக் காலத்திலேயே இந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது. இன்றைய பொதுவடிவத்தைச் சீன விளையாட்டுத் துறை 2000களின் தொடக்கத்தில் வகுத்தது. முதியவர்களின் சமநிலை, தூக்கம், ரத்த அழுத்தம் ஆகியவற்றில் சிறு முன்னேற்றம் தெரிவதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. குளிர்ச்சியா சூடா என்ற கணிப்பே இதற்குத் தேவையில்லை, காசும் வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் குனிந்து நிற்கும் அசைவுகளில் பாதியளவு போனால் போதும், நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம்.

மேலே சொன்ன பழம் நூல் பருவத்துக்குப் பருவம் உறக்கத்தை மாற்றச் சொல்கிறது. கோடையில் தாமதமாகப் படுத்து விடியலில் எழு. குளிர்காலத்தில் சீக்கிரம் படுத்து, வெயில் வந்தபின் எழு. பயிற்சியை அந்த நேரத்தோடு பொருத்திக்கொண்டால் பருவம் அதில் வந்துவிடும்.

ஆக என் வரிசை இது. எல்லோருக்கும் பாதுவான்ஜின். வாரத்தில் ஒருமுறை இருமுறை பருவத்துச் சூப். பூத் தேநீர், தொண்டையோ வாயோ கேட்கும்போது மட்டும், சர்க்கரை இல்லாமல், இரண்டு மூன்று நாளுக்குள். பற்று, நாள்பட்ட மூச்சு உபாதை உள்ள பெரியவர்களுக்கு மட்டும், வழக்கமான மருந்தை விடாமல், பதிவுபெற்ற மருத்துவரிடம்.

நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் நான்கு பருவம் கிடையாது. ஆனாலும் அங்கே சில மருத்துவ நிலையங்கள் சான்ஃபூ நாட்களில் பற்றுப் போடுகின்றன. அங்கே நாட்காட்டியை விட அந்த வாரத்து வானத்தைப் பார்ப்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன். விடாத மழையில் இஞ்சி சேர்த்த சூப், வெக்கையில் வெண்பூசணி, புகைமூட்டம் வந்தால் தொண்டைக்குப் பேரிக்காய். ஆனால் 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் மாசுக் குறியீடு 401ஐத் தொட்டதே, அப்படியொரு நாளில் பேரிக்காய் சூப் நுரையீரலைக் காக்காது. சன்னலை மூடுங்கள், என்95 முகக்கவசம் போடுங்கள், பாதுவான்ஜினை வீட்டுக்குள் செய்யுங்கள். சூப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.