ஹாரியின் கட்டுரையும் கென்னடியின் உயிரும்: ஸ்டீபன் கிங்கின் 11/22/63

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். கல்லுடைக்கப் போய்வரும் ஓர் அம்மாவுக்கு, சேர்ந்தாற்போல் மூன்று வரி எழுத நாலு மாதம் ஆயிற்று. மூன்று வரியும் செத்துப்போன மகனைப் பற்றி. ‘காய்ச்சல்’ என்ற சொல்லில் ச் விட்டுப்போயிருந்தது. எனக்குத் திருத்த மனம் வரவில்லை.

அதனால்தான் இந்த நாவல் எடுத்த எடுப்பிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜேக் எப்பிங் என்ற ஆங்கில ஆசிரியர், பள்ளிப்படிப்பை விட்டவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். ‘என் வாழ்க்கையை மாற்றிய நாள்’ என்று கட்டுரைத் தலைப்பு. பள்ளியின் துப்புரவுப் பணியாளர் ஹாரி, 1958இல் ஹாலோவீன் இரவில் தன் அப்பா சுத்தியலால் அம்மாவையும் அண்ணன்களையும் அடித்துக் கொன்றதை எழுதித் தருகிறார். எழுத்துப்பிழைகள் நிறைய. கோமாவுக்குப் போய்க் கண் விழிக்காமலே இறந்த சகோதரியைப் பற்றி எழுதும்போது, ‘coma’ என்பதை ‘comah’ என்று எழுதியிருப்பார். லேசில் கண்ணீர் விடாத ஜேக், அதைப் படித்து அழுகிறார். அந்த இரவுக்குப் பின் ஹாரி காலை விந்தி விந்தித்தான் நடக்கிறார்.

அப்புறம்தான் காலப்பயணம். அல் என்பவருடைய சாப்பாட்டுக் கடையின் சரக்கறையில் கண்ணுக்குத் தெரியாத படிகள் இருக்கின்றன. இறங்கினால் 1958 செப்டம்பர் 9, காலை 11:58. அங்கே எத்தனை வருடம் இருந்தாலும் இங்கே இரண்டு நிமிடம்தான் கழியும். மறுபடி இறங்கினால் முன்பு செய்த எல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடும். புற்றுநோயில் சாகக் கிடக்கும் அல், 1963 நவம்பர் 22இல் டல்லாஸில் அதிபர் கென்னடி சுடப்படாமல் காப்பாற்றச் சொல்லி ஜேக்கிடம் கெஞ்சுகிறார். கென்னடி பிழைத்தால் வியட்நாம் போர் அப்படிப் பெருகியிருக்காது என்பது அவர் நம்பிக்கை.

நாவலின் உயிர் அந்த அழியும் விதியில்தான் இருக்கிறது. ஜேக் முதலில் சோதித்துப் பார்க்க ஹாரியின் குடும்பத்தைக் காப்பாற்றப் போகிறார். பெரும்பாலும் காப்பாற்றியும் விடுகிறார். திரும்பி வந்து விசாரித்தால் ஹாரி உயிரோடு இல்லை. கால் ஊனமாகாததால் ராணுவத்துக்குப் போய் வியட்நாமில் இறந்துவிட்டார். போனில் அதைச் சொல்வது, பிழைத்துக்கொண்ட சகோதரி. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஹாரி வேண்டுமென்றால் அவள் சாக வேண்டும். ஜேக் மறுபடி படியிறங்கிய கணத்தில், பிழைத்திருந்த சகோதரி இல்லாமல் போகிறாள். அதற்குப் பெயர் கொலையா? ஆசிரியர் கேள்வியாகக் கேட்கவில்லை. ஜேக்கைத் திரும்பப் போகவைத்து, அந்தக் குடும்பத்தை முதலிலிருந்து காப்பாற்றவைக்கிறார். இந்த முறை, இன்னும் அந்தக் குற்றத்தைச் செய்யாத தகப்பனைக் கல்லறைத் தோட்டத்தில் சுட வேண்டியிருக்கிறது.

டெக்சஸில் ஜேக் காத்திருக்கும் வருடங்களைப் பலர் நீளம் என்பார்கள். எனக்கு அது தேவை என்றே பட்டது. கென்னடியைச் சுட்டவன் என்று சொல்லப்படும் ஆஸ்வால்ட் தனியாகத்தான் சுட்டானா என்று உறுதியாகத் தெரியாமல் அவனை எப்படிக் கொல்வது? அதனால் 1963 ஏப்ரல் 10இல் ஆஸ்வால்ட், ஜெனரல் வாக்கர் என்ற முன்னாள் ராணுவ அதிகாரியைச் சுட முயன்ற இரவு வரை, அவன் தனியாகத்தான் செயல்படுகிறானா என்று ஜேக் பொறுத்துக் கவனிக்கிறார். அதுவரை ஆஸ்வால்ட் தன் மனைவி மரீனாவை அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். தலையிட்டால் தெரிந்த வரலாறு கைவிட்டுப் போகும். நாளை ஒருவரைக் காப்பாற்ற இன்று ஒருத்தி அடிபடுவதைப் பொறுப்பது சரியா? எனக்குச் சரியென்று படவில்லை. ஆனால் ஜேக்கைத் திட்டவும் வாய் வரவில்லை.

அந்தக் காலத்தை வெறும் இனிப்பாகக் காட்டாததும் பிடித்திருந்தது. பத்து சென்ட்டுக்குக் கிடைத்த ரூட் பியர் என்ற குளிர்பானத்தின் ருசியை ரசித்து எழுதும் அதே கை, தெற்கில் ஒரு பெட்ரோல் பங்கில் கறுப்பினத்தவருக்கான கழிப்பறை என்று அம்புக்குறி காட்டும் பாதையையும் எழுதுகிறது. அதில் இறங்கிப் போனால் நச்சுக்கொடிப் புதரும், ஓடையின் மேல் போட்ட ஒரு பலகையும்தான் இருக்கின்றன.

குறை ஒன்று உண்டு, அது சின்னக் குறையில்லை. வரலாறு மாறினால் பூமியே நடுங்கிப் பிளக்கத் தொடங்குகிறது. இவ்வளவு நேரம் ஒரு மனிதனின் மனச்சாட்சியில் நடந்த வழக்குக்கு நிலநடுக்கம் தீர்ப்பு எழுதுவது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உலகம் அழியும் என்றால் யாரும் பின்வாங்கத்தான் செய்வார்கள். உலகம் கொஞ்சம் நல்லதாகவும் கொஞ்சம் கெட்டதாகவும் மாறியிருந்தால், அப்போது ஜேக் என்ன செய்திருப்பார்? கிங் அங்கே இன்னும் நூறு பக்கம் எழுதியிருக்கலாம்.

வாங்குபவர்களுக்கு: 2011இல் வந்த கெட்டி அட்டைப் பதிப்பு 849 பக்கம். படுத்துக்கொண்டு படித்தால் மணிக்கட்டு வலிக்கிறது, நான் பாதியில் கிண்டிலுக்கு மாறினேன். ஆங்கிலம் எளிமையானதுதான். 2016இல் வந்த எட்டுப் பகுதித் தொடரில் படிகள் 1960க்குத்தான் போகின்றன. காத்திருப்பின் கனம் அதில் குறைந்துவிட்டது, நாவலையே முதலில் படியுங்கள்.

நூலகர் சேடியைப் பற்றி வேண்டுமென்றேதான் எதுவும் சொல்லவில்லை. கடைசி அத்தியாயம் அவளுக்கானது. மகன் ஜோ ஹில் சொன்ன யோசனையால் முடிவு இப்படி அமைந்தது என்று பின்னுரையில் கிங் நன்றி சொல்லியிருக்கிறார். கதையை முடிக்கும் முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.