பத்து நாளில் குதிரையை வண்டியில் ஏற்றிக் காட்டுகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

குதிரை வளர்ப்பவர்கள், முக்கியமாக ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் குதிரை வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 18,000 ரூபாய் போனது. அதைவிடப் பெரிது, என் குதிரையின் நெற்றியில் ஒன்பது தையல் போட வேண்டி வந்தது.

போன ஆண்டு அந்தச் சந்தையில்தான் நான்கு வயது கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினேன். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. சுழி பார்த்தேன், பல் பார்த்தேன், குளம்பு பார்த்தேன். வண்டியில் எப்படி ஏறுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. ஐந்து பேர் பின்னால் கயிறு போட்டு இழுத்துத்தான் பிக்கப் வண்டியில் ஏற்றினோம். அன்றிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டாலே நடுங்கியது.

தெரிந்தவர் மூலம் ஒரு பயிற்சியாளர் வந்தார். “பத்தே நாள் அண்ணா, பதினோராம் நாள் தானாக ஏறும்” என்றார். முழுப் பணமும் முன்னதாகவே வேண்டும். குதிரை அவருடைய இடத்தில் இருக்க வேண்டும். உரிமையாளரைக் கண்டால் அதன் கவனம் சிதறும் என்பதால் நடுவில் நான் போகக் கூடாது. இதைக் கேட்டபோதே நான் மறுத்திருக்க வேண்டும்.

பதினோராம் நாள் சரியாக நான்கு மணிக்கு வரச் சொன்னார். தலை தாழ்ந்து, கீழுதடு தொங்க, பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்ன, மெதுவாக ஏறியது. அதை நான் அமைதி என்று நினைத்துக் கண் கலங்கினேன். அதே வண்டியில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் நாள் காலை வண்டியருகே அழைத்துப் போனபோது பத்தடி தூரத்திலேயே முன்னங்கால்களைத் தூக்கி எழும்பி, கூரைக் கம்பியில் மோதிக்கொண்டது.

தையல் போட வந்த கால்நடை மருத்துவர் கழுத்து ரத்தக் குழாயின் மேல் ஒரு வீக்கத்தைக் காட்டினார். பின்னங்கால்களில் குளம்புக்குச் சற்று மேலே கயிறு அறுத்த தழும்பு இருந்தது. அன்று ஏறிய விதத்தைச் சொன்னதும், அவை சைலசின் போன்ற மயக்க ஊசிக்கு உரிய அறிகுறிகள் என்றார். நாளாகிவிட்டதால் ரத்தப் பரிசோதனையில் நிரூபிக்க வழியில்லை. ஊசி போட்ட குதிரை ஓடும் வண்டியில் காலை ஊன்றி நிற்க முடியாமல் விழலாம், தூங்குவதுபோல் நிற்கும்போதே திடீரென்று உதைக்கவும் செய்யும் என்று அவர் சொன்னபோது, அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்து எனக்கு உடல் பதறியது. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி குதிரையை வண்டியில் அனுப்பக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். நான் அதைக் கேட்டிருந்தால், கிளம்பும் முன்பே ஒரு மருத்துவர் குதிரையைப் பார்த்திருப்பார்.

பயிற்சியாளரிடம் கேட்டதற்கு, “உங்களுக்குக் கயிறு பிடிக்கத் தெரியவில்லை” என்றார். பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை.

கடைசியில் உதவியவர் ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டிய எங்கள் ஊர்ப் பெரியவர். வண்டியை வரப்பு மேட்டோடு ஒட்டி நிறுத்தச் சொன்னார். தளமும் தரையும் ஒரே மட்டமாகிவிட்டன. குளம்பு பட்டதும் தகரம் எழுப்பும் ஓசைக்குப் பயப்படுகிறது என்று கண்டு வைக்கோல் பரப்பினார். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் குதிரையின் கண் பழக நம்மைவிட நெடுநேரம் ஆகும். அதனால் மாலை வெயில் உள்ளே விழும்படி வண்டியைத் திருப்பினோம். ஒரு கால் முன்னால் வைத்தால் அந்த நொடியே கயிற்றைத் தளர்த்த வேண்டும். அது பின்வாங்கும்போது தளர்த்தினால், பின்வாங்குவதையே பழக்கிவிடுகிறோம். நான் இத்தனை நாளும் செய்த தவறு அதுதான். முதல் வாரம் வண்டியருகே நின்று கொள்ளு தின்றது, அவ்வளவுதான். ஏறிய பிறகும் இறங்க விரும்பினால் இறங்க விட்டோம். கதவைச் சாத்தியது ஆறாவது வாரத்தில்.

யாரிடமாவது பயிற்சிக்கு விட்டால், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். நீங்களே கயிற்றைப் பிடித்து ஏற்றிப் பாருங்கள், சில மணி நேரம் கழித்து மறுபடியும் ஏற்றுங்கள். இதற்கு ஒப்பாதவரிடம் விடாதீர்கள்.

அந்தப் பயிற்சியாளர் இன்றும் ஆட்களுக்கு ஒரு காணொலியை அனுப்பி வேலை பிடிக்கிறார். போன வாரம் அது எனக்கும் வந்தது. அதில் தலை தொங்க வண்டியில் ஏறுகிற, நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த செம்பழுப்புப் பெட்டை என்னுடையது.