வாஷிங் மெஷின் குழாயில் மாட்டும் வாட்டர் சாஃப்ட்னர்: எத்தனை துவையலுக்குத் தாங்கும்?

துவைத்துக் காயப்போட்ட துண்டு அட்டை மாதிரி விறைத்து நிற்கும். கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு விழும். சோப்புத் தட்டின் ஓரத்தில் சுண்ணாம்பு படியும். இதையெல்லாம் பார்த்த பிறகு பலர் வாங்குவது, குழாய்க்கும் மெஷினுக்கும் நடுவே மாட்டும் சின்ன சாஃப்ட்னரை. நல்ல கருவிதான், சொன்ன வேலையைச் செய்யும். ஆனால் ‘மாட்டினால் போதும், மறந்துவிடலாம்’ என்று சொல்லி விற்பது தவறு.

உள்ளே இருப்பது ரெசின்: தேன் நிறத்தில், மணல் பருமனில் உருண்டை உருண்டையாக இருக்கும். தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் இது பிடித்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தை விடுகிறது. பிடிக்க இடம் தீர்ந்ததும் கடின நீர் அப்படியே மெஷினுக்குள் போகும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

அதனால் அட்டைப்பெட்டியில் முதலில் தேட வேண்டியது, ரெசின் எத்தனை லிட்டர் என்பதை. 1 லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையை (கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து, கால்சியம் கார்பனேட் கணக்கில்) பிடிக்கும். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றால், 50,000-ஐ 300-ஆல் வகுத்தால் சுமார் 166 லிட்டர். ஒரு துவையலுக்கு 55 லிட்டர் எடுக்கும் ஃப்ரண்ட் லோடில் மூன்று துவையல், அவ்வளவுதான். 600 மில்லிகிராம் என்றால் ஒன்றரைத் துவையல்தான் வரும். கடினத்தன்மையைச் சொல்லாமல் ‘இத்தனை ஆயிரம் லிட்டர்’ என்று மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் கடினத்தன்மையை அளக்க முடியாது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடுவதால் டிடிஎஸ் குறையாது, சொல்லப்போனால் ஒரு துளி கூடும். மீட்டரை நீட்டி ‘பாருங்கள், குறையவே இல்லை’ என்று கருவியைக் குறை சொல்வதும் தப்பு, ‘குறைந்துவிட்டது’ என்று காட்டி விற்பதும் தப்பு. சொட்டுச் சோதனைக் கிட் வாங்குங்கள். ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ணினால் அளவு கிடைத்துவிடும். அதே கிட்டில் சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரையும் பாருங்கள். முதல் சொட்டிலேயே நீலமானால் ரெசினில் இன்னும் இடமிருக்கிறது.

இடம் தீர்ந்தால் உப்பு ஏற்ற வேண்டும். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு கைப்பிடி உப்பை உள்ளே போட்டுக் குழாயை முழுசாகத் திறந்தால், உப்பு ஒரே நிமிடத்தில் வெளியே ஓடிவிடும். ரெசினுக்கு சோடியத்தைவிடக் கால்சியத்தின் மேல்தான் பிடிப்பு அதிகம். அடர்த்தியான உப்புக் கரைசல் நிதானமாக இறங்கினால்தான் கால்சியம் விடும். 1 லிட்டர் ரெசினுக்கு 160 கிராம் உப்பை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, 20 முதல் 30 நிமிடம் எடுத்து மெல்ல இறங்க விடுங்கள். கல்லுப்பில் மண் இருக்கும். கரைத்துத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். பிறகு வெளியேறும் தண்ணீரில் உவர்ப்பு போகும்வரை அலசிவிட்டுத்தான் மெஷினில் இணைக்க வேண்டும். உப்பு டிரம்முக்குள் போனால் உலோகத்தை அரிக்கும்.

தண்ணீரில் இரும்பு இருந்தால் நிலைமை வேறு. ரெசின் துருநிறமாகிவிடும், உப்புக் கரைசலால் அது தெளியாது. முதலில் இரும்பை நீக்க வழி செய்துவிட்டு மாட்டுங்கள். இரும்பில்லாவிட்டாலும் கலங்கல் வரும் குழாயில் முன்னால் மண், கசடைப் பிடிக்கும் ஒரு செடிமெண்ட் ஃபில்டர் அவசியம். சாஃப்ட்னரின் உள்வலை கிழிந்தால் ரெசின் உருண்டைகள் மெஷினின் இன்லெட் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். மெஷின் ‘தண்ணீர் வரவில்லை’ என்று நின்றால் அந்த வலையைக் கழற்றிப் பாருங்கள்.

ஏற்கெனவே மெஷினின் ஹீட்டரில் படிந்ததை சாஃப்ட்னர் கரைக்காது. காலி டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு 60 டிகிரிக்கு மேல் போகாமல் ஒரு தடவை ஓட்டுங்கள். சூடு அதிகமானால் கால்சியம் சிட்ரேட் தனிப் படிவாக உட்காரும். பிளீச்சோடு மட்டும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். சாஃப்ட்னர் மாட்டிய பிறகு சோப்புத் தூளைப் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள், இல்லாவிட்டால் நுரை பொங்கும்.

பாலிபாஸ்பேட் உருண்டை போட்ட குப்பிகளும் இதே பெயரில் விற்கின்றன. அவை கடினத்தன்மையை எடுப்பதில்லை, படிவு கெட்டிப்படுவதை மட்டும் தள்ளிப்போடும். சோப்பு திரிவது நிற்காது. குழாயில் கட்டும் காந்தத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கடினத்தன்மை 300-க்குக் கீழே இருந்து, வாரம் ஒரு தடவை உப்பு ஏற்றும் பொறுமையும் இருந்தால் இதை வாங்கலாம். 500-ஐத் தாண்டினால், அல்லது கீசரையும் காப்பாற்ற வேண்டுமென்றால், 10 லிட்டர் ரெசினுக்குக் குறையாமல், தானே உப்பு ஏற்றிக்கொள்ளும் முழுவீட்டு சாஃப்ட்னர்தான் சரி. அப்படி மாட்டும்போது செடிகளுக்கும் குடிநீருக்கும் போகும் குழாயை சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடச் சொல்லுங்கள். நீக்கும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் ஏறுகிறது.